சென்னை சிட்டி எஃப்.சி.: கோவையில் கோப்பை வென்ற அந்த அணி யாருடையது?

நொய்யல்வாசி எழுதியது:

மழை ஒழுகுகிறதென்று பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய ரசீதுகள் கிடந்த தகரப் பெட்டியின் அடியில் நாலாக மடித்த ஒரு செய்தித்தாள் இருந்தது. 2019 மார்ச் 10, விளையாட்டுப் பக்கம். மடிப்பில் தாள் கிழிந்திருந்தாலும் படம் தெளிவாகத்தான் இருந்தது: நடுவில் நாடு தழுவிய கால்பந்து லீக்கான ஐ லீக்கின் கோப்பை, சுற்றிலும் சென்னை சிட்டி வீரர்கள். என் மகன் அதை வாங்கிப் பார்த்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது, பள்ளி அணியில் லெஃப்ட் விங் ஆடுகிறான். "அப்பா, நம் ஊரில் ஐ லீக் ஜெயித்திருக்கிறார்களா? இந்த அணி இப்போது எங்கே ஆடுகிறது?" என்று கேட்டான்.

முதல் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 9, அந்தச் சனிக்கிழமை நான் கோவை நேரு ஸ்டேடியத்தில் இருந்தேன். வ.உ.சி. பூங்காப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடி உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள், மூன்றாவது நிமிடத்திலேயே மினெர்வா பஞ்சாபின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். இடைவேளை வரை 0-1. அதே நேரத்தில் கோழிக்கோட்டில், பட்டத்துக்கு எங்களோடு போட்டியிட்ட கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு காதில் கருவியைச் செருகிக்கொண்டு கோழிக்கோட்டு நிலவரத்தை விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். இடைவேளையில் இரண்டு கைகளையும் முட்டியாக மூடிக் காட்டினார்: 0-0. அவர் யார், எந்த ஊர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த விரல்கள் மட்டும் நினைவில் நிற்கின்றன.

56ஆவது நிமிடத்தில் பெட்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா. அசாமிலிருந்து வந்த இளம் தடுப்பாட்டக்காரர், கோல் அடிப்பது அவருடைய வேலையே அல்ல. அன்று இரண்டு கோல் அடித்தார், இரண்டாவது கோல் கூடுதல் நேரத்தில். 3-1. அதற்குள் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கியிருந்து மீண்டு 2-1 என முன்னிலைக்கு வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர் கருவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். இனி அந்தக் கணக்கு தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டே முக்கால் ஆண்டு கழித்து 2021-22 ஐ லீக் தொடங்கியபோது பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. அந்தப் பெயர் சென்னையுடையது, மைதானம் எங்களுடையது, கோல்கள் அசாமிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்தவர்கள் அடித்தவை. அப்படியானால் அது யாருடைய அணி? யாரும் உரிமை கொண்டாடாததால்தான் இவ்வளவு சத்தமில்லாமல் மறைந்துபோனதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்கேடு எழுதியது:

நண்பர் நினைவிலிருந்து எழுதியது அத்தனையும் சரியாக இருக்கிறது. நான் எண்களை மட்டும் சேர்க்கிறேன்.

2018-19 பருவத்தில் 11 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். சென்னை சிட்டி 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி, 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்கால் 42. அடித்த கோல்கள் 48. அவற்றில் மான்ஸி மட்டும் 21. சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் 21 அடித்து அவரோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரு புள்ளியில் கிடைத்த பட்டம் என்று சிலர் அதைக் குறைத்துப் பேசுவதுண்டு. அந்தப் பருவத்தில் ஈஸ்ட் பெங்காலைக் கொல்கத்தாவிலும் வென்றார்கள், கோவையிலும் வென்றார்கள். போட்டியாளரிடமிருந்தே ஆறு புள்ளிகளையும் வாங்கியவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசி நாள்வரை இழுத்ததற்குக் காரணமும் அவர்களேதான்: முந்தைய ஆட்டத்தில் சர்ச்சிலிடம் 2-3 என்று தோற்றார்கள்.

இன்னொன்று. அந்த இடைவேளையில் நீங்கள் நினைத்த அளவுக்கு நிலைமை மோசமில்லை. அப்படியே முடிந்திருந்தால் இரண்டு அணிகளுக்கும் 40 புள்ளிகள். நேருக்கு நேர் மோதிய கணக்கில் பட்டம் சென்னை சிட்டிக்கே வந்திருக்கும். ஆனால் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் வென்றபிறகு இங்கே சமன் செய்திருந்தாலும் போதாது, வென்றே ஆகவேண்டும்.


பழைய ஸ்டாப்பர் எழுதியது:

தம்பி நொய்யல்வாசி, உங்கள் மகனுக்குக் கொஞ்சம் முன்கதையும் சொல்லுங்கள். அந்த அணி 2019இல் பிறந்ததல்ல. 1946 முதல் சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் ஆடிவந்த பழைய கிளப்தான் பிற்காலத்தில் சென்னை சிட்டி ஆயிற்று. அது ஆடியது சென்னை கால்பந்துச் சங்கத்தின் லீக்கில்.

அந்த லீக் எப்படி இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, துறைமுகம், சுங்கத்துறை, ரிசர்வ் வங்கி, இந்தியன் வங்கி என்று அலுவலக அணிகள்தாம் அதன் முதுகெலும்பு. நன்றாக ஆடும் பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாலையில் ஆட்டம். நானும் அந்தக் கனவில்தான் ஓடினேன். எனக்கு வேலை கிடைக்கவில்லை, முழங்கால்தான் போயிற்று. ஆனால் என்னோடு ஆடிய நான்கு பேர் அந்தச் சம்பளத்தில் தங்கைகளுக்குத் திருமணம் செய்து வைத்தார்கள், வீடு கட்டினார்கள். இந்தியன் வங்கி தேசிய கால்பந்து லீக் வரை போய் ஆடியது. பிறகு அலுவலகங்களில் ஆள் எடுப்பது குறைந்தது, அணிகள் வயதாகிச் சுருங்கின. 2007இல் ஐ லீக் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து ஓர் அணிகூட அதில் இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் 2016-17இல் சென்னை சிட்டி நுழைந்தது. புதிய நகரங்களிலிருந்து அணிகளைச் சேர்க்க அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விண்ணப்பம் கேட்டது. இரண்டாம் டிவிஷனில் ஆடித் தகுதி பெறாமல் நேராக இடம் கிடைத்தது. உரிமையாளர் ரோஹித் ரமேஷ். முதல் பருவத்தில் சொந்த மைதானம் எங்கள் நேரு ஸ்டேடியம், அதாவது பெரியமேட்டில் இருப்பது. அங்கே மோகன் பகானை வீழ்த்திய நாளில் நான் இருந்தேன். கேலரியில் பெரும்பாலும் என்னைப் போன்ற நரைத்த தலைகள். பல ஆண்டுகளாகச் சந்திக்காத பழைய ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டு தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பருவமே அணி கோவைக்குப் போய்விட்டது. பெயரில் மட்டும் சென்னை மிச்சம். கோப்பை வென்ற நாளில் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னவர்களிடம் நானும் "ஆமாம், நம் அணி" என்றுதான் சொன்னேன். ஆனால் பொறாமையாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அந்த மாலை எங்கள் ஊரில் நடந்திருக்க வேண்டியது.


தூத்தூர் கரை எழுதியது:

சென்னையா கோவையா என்று நீங்கள் பங்கு பிரிப்பதற்குள் மூன்றாவது பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி, எங்கள் கடற்கரை ஊர்கள் வரிசையாக இருக்கின்றன: தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை. ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஆனால் கால்பந்து ஆட்டம் என்று வந்துவிட்டால் அந்த எல்லை எங்களுக்குத் தண்டவாளம் போட்டதுபோல் தெரியும். கோவில் திருவிழா என்றால் போட்டி உண்டு. ஆழ்கடலுக்குப் போன படகு கரை திரும்பும் நாளைக் கணக்குப் போட்டு அணி எழுதுவார்கள், ஏனென்றால் பாதி அணி படகில் இருக்கும்.

மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையில் வளர்ந்தவர். அவருடைய சகோதரர் ரெஜினும் ஆட்டக்காரர். மணலில் பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடிப் பழகியவருக்குப் புல் தரை கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதை அவருடைய இடது காலைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பந்து அவரிடம் வந்ததும் ஒரு கணம் நிற்பதுபோல் உடம்பைத் தளர்த்துவார், எதிரே வருபவர் எடையை ஒரு காலில் போடும்வரை. பிறகு அந்தக் கால் பக்கமாகவே புகுந்து போய்விடுவார். திரும்புவதற்குள் ஆள் இரண்டு கெஜம் தள்ளியிருப்பார். இதை எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் செய்து பார்ப்பார்கள். விழுந்து மண்ணைத் தின்பார்கள்.

ஐ லீக்கில் அவரை நாடு பார்த்தது சென்னை சிட்டி சட்டையில்தான், 2016 முதல் 2018 வரை. பிறகு ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே., 2019இல் இந்திய அணி. கோப்பை வென்ற பருவத்தில் அவர் அந்த அணியில் இல்லை. ஆனால் அவர் போன பாதை வழியாக எங்கள் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர் தேர்வு முகாமுக்குப் பெட்டி கட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் என் அக்காள் மகன். நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் உட்கார்ந்தே போய், காலையில் இறங்கி, பல்கூடத் துலக்காமல் மைதானத்துக்கு ஓடினான். எடுக்கப்படவில்லை. திரும்பி வந்து மறுபடி படகேறினான். அவனுக்கு வருத்தமில்லை, "ஒரு நாள் முழுக்க புல்லில் ஆடினேன் மாமா" என்றான்.

எங்களுக்கு அது சென்னை அணியும் இல்லை, கோவை அணியும் இல்லை. கதவு திறந்திருந்த வீடு.


ஐந்தாம் எண் எழுதியது:

எல்லோரும் நெகிழ்ந்துபோய் எழுதுகிறீர்கள். நான் மாற்றுக் கருத்தோடு வருகிறேன், கோபிக்க வேண்டாம்.

அந்தக் கோப்பையை வென்றது யார்? மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா, வலைக்கு முன்னால் நௌஸெட் சந்தானா. எல்லோரும் ஸ்பெயினிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். முந்தைய பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவதாக வந்த அணி இவர்கள் வந்ததும் முதலிடத்துக்கு வந்தது. அவர்கள் போனதும் இறங்கியது. 2020 ஜனவரியில் மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார், அதோடு அந்த அணியின் முன்வரிசையே போயிற்று.

வெளியூர்க்காரரை அழைப்பது தவறென்று சொல்லவில்லை. ஆனால் இதைத் தமிழ்நாட்டுக் கால்பந்தின் எழுச்சி என்று அன்று பத்திரிகைகள் எழுதியதும் நாம் அதை நம்பியதும்தான் எனக்கு உறுத்துகிறது. நல்ல ஐந்து பேரை ஒருவர் தேர்ந்தெடுத்துவந்தார், ஓர் ஆண்டு வென்றோம். அவ்வளவுதான். எழுந்தது எதுவும் இல்லாததால்தான் விழுந்தபோது சத்தம் கேட்கவில்லை.


பழைய ஸ்டாப்பர் எழுதியது:

ஐந்தாம் எண் தம்பிக்கு: கோல் அடித்தவர்களை மட்டும் எண்ணினால் உங்கள் கணக்கு சரிதான். நான் ஆயுள் முழுக்கப் பின்வரிசையில் ஆடியவன், எனக்கு வேறு கணக்கு.

களத்தில் வெளிநாட்டவருக்கு வரம்பு உண்டு. மீதி இடங்களில் யார் நின்றார்கள்? வலது பேக்கில் அஜித் குமார். நடுக்களத்தில் எட்வின் சிட்னி வான்ஸ்பால். மான்ஸிக்கும் கோர்டில்லோவுக்கும் திரும்பி ஓடி வரும் வேலையைக் குறைத்தவர் எட்வின். எதிரணி பந்தைப் பறித்த இடத்துக்கு அவர் முன்பே போய் நின்றிருப்பார். அதை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை, தொலைக்காட்சியும் காட்டாது, கேலரியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஓரத்தில் ரொமாரியோ ஜேசுராஜ்.

பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். எட்வின் 'சென்னையின் எஃப்.சி.' என்ற மற்றொரு அணிக்குப் போனார். அஜித் பெங்களூருவுக்கு. ரொமாரியோ கோவாவுக்கு. அதற்கு முன்பே சென்னை சிட்டியில் ஆடிவிட்டுப் போன நந்தகுமார் சேகர், 2023 டூராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்தார். மோகன் பகானோடு மோதும் டெர்பி ஆட்டங்களில் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அன்று ஒரு சென்னைப் பையனின் பெயரைச் சொல்லி அழுதார்கள்.

ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014 முதல் சென்னையின் எஃப்.சி. இருக்கிறது, 2015இலும் 2017-18இலும் பட்டம் வென்றது. வியாசர்பாடியின் தனபால் கணேஷ் அங்கே ஆடினார், 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகத் தலையால் முட்டி கோல் அடித்தார். பெருமைதான். ஆனால் தமிழ்நாட்டுப் பையன்கள் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் களமிறங்கித் தேசிய லீக்கில் பருவம் முழுக்க ஆடியது சென்னை சிட்டியில்தான். இது எழுச்சியில்லை என்றால் நான் வேறு சொல் தேடமாட்டேன், நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.


ஞாயிறு காலைப் பயிற்சி எழுதியது:

நான் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். அணி ஏன் மறைந்தது என்ற கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை, அதனால் அங்கே போகிறேன்.

ஒரு தொழில்முறை அணியை நடத்தும் செலவை நினைத்துப் பாருங்கள். அந்தப் பருவத்தில் கோவை அணி ஸ்ரீநகர், ஐஸ்வால், இம்பால், ஷில்லாங், கொல்கத்தா, கோவா, பஞ்ச்குலா என்று போய்வர வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள், விமானம், விடுதி, சாப்பாடு, மருத்துவம், சம்பளம். திரும்ப வருவது என்ன? டிக்கெட் வருமானம் மைதானத்தின் விளக்குச் செலவுக்கே போதாது. அந்தப் பருவத்தின் இரண்டாம் பாதியில் பல ஐ லீக் ஆட்டங்கள் தொலைக்காட்சியிலும் வரவில்லை. படமே தெரியாத சட்டையில் விளம்பரம் போட எந்த நிறுவனம் வரும்?

கோப்பை வென்றால் மேலே போகலாம் என்று ஒரு வழி இருந்திருந்தால் இந்தச் செலவுக்கு ஒரு பொருள் இருந்திருக்கும். அந்த வழியும் அடைபட்டிருந்தது. சென்னை சிட்டி பட்டம் வென்ற அதே 2019இல்தான் ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீக் என்ற தகுதியைப் பெற்றது. ஐ லீக் வென்றவர் மேலேறலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2022-23 பருவத்தில். முதலில் ஏறியது பஞ்சாப். நான்கு ஆண்டு முந்திப் பிறந்துவிட்டார்கள் நம்மவர்கள்.

அடுத்தது, லீக்கில் ஆடுவதற்கான உரிமம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) உரிம விதிகளில் ஐந்து பிரிவுகள் உண்டு: விளையாட்டு, உள்கட்டமைப்பு, ஆட்களும் நிர்வாகமும், சட்டம், நிதி. வெறும் பெரியவர்கள் அணி மட்டும் போதாது, வயது வாரியாக இளையோர் அணிகள் வேண்டும், தகுதிச் சான்று பெற்ற பயிற்சியாளர்கள் வேண்டும், கணக்குத் தணிக்கை வேண்டும். தனி ஒருவரின் பணத்திலும் ஆர்வத்திலும் நடக்கும் கிளப்புக்கு ஆண்டுதோறும் இதைத் தாண்டுவது பெரிய மலை. 2019 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது அந்த மலையை ஏறிவிடலாம் என்று நானும் நம்பினேன். இளையோர் பயிற்சிக்குப் பேர்போன கிளப் அது. எங்கள் சிறுவர்களிடம் உலக வரைபடத்தை விரித்து பாசல் எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.

பிறகு கொரோனா. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றார்கள். மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2. அந்தச் சொந்த மைதான ஆட்டமும் கோவையில் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. அதுதான் ஆசியப் போட்டியில் அவர்களுடைய கடைசி ஆட்டம், அந்த ஆண்டுப் போட்டியே ரத்தானது. அடுத்த ஐ லீக் பருவம் முழுக்கக் கொல்கத்தாப் பகுதியில், பார்வையாளர் இல்லாமல். கோவைக்காரர்கள் தங்கள் அணியை நேரில் பார்த்து விடைகொடுக்கக்கூட வாய்ப்பில்லாமல் போயிற்று. ஏன் சத்தமில்லாமல் மறைந்தது என்று நொய்யல்வாசி கேட்டாரே, அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம்.


நொய்யல்வாசி எழுதியது:

அண்ணா, இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் கடைசியாகப் பார்த்த சென்னை சிட்டி ஆட்டம் எது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவே இல்லை. அது கடைசி ஆட்டம் என்று தெரிந்திருந்தால் கவனித்துப் பார்த்திருப்பேன்.


வைகைக் கரைக்காரி எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். 2019ஐப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதே ஆண்டின் மற்றொரு கோப்பையை ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்பது எனக்கு வருத்தம்.

மார்ச்சில் சென்னை சிட்டி ஐ லீக் வென்றது. மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தினார்கள். பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அதன் எடை புரியும். பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். இரண்டு மாதச் சொச்ச இடைவெளியில் நாட்டின் ஆண்கள் லீக் கோப்பையும் பெண்கள் லீக் கோப்பையும் ஒரே மாநிலத்துக்கு வந்தன. நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். ஆறு பேர் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம், மூன்றாவது கோலுக்குக் கத்திய கத்தலில் வார்டன் மேலேறி வந்துவிட்டார்.

ஐந்தாம் எண், எழுச்சி இல்லை என்கிறீர்கள். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023இல் மறுபடியும் ஆனார்கள், இம்முறை ஹரியானாவை வென்று. ஒருமுறை என்றால் யாரையோ அழைத்துவந்தார்கள் என்று சொல்லலாம். இந்துமதி கதிரேசன் கடலூரிலிருந்து வந்தவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்துகொண்டே இந்திய அணியில் நடுக்களத்தில் ஆடியவர். பழைய ஸ்டாப்பர் ஐயா சொன்னாரே, வேலையும் ஆட்டமும் என்று, அந்தப் பழைய முறை பெண்களிடத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் கணக்கில் நாங்களும் உண்டு என்று மட்டும் எழுதிவைக்கிறேன்.


ஐந்தாம் எண் எழுதியது:

சகோதரி சொன்னது சரி. சேதுவை நான் மறந்தது என் தவறு.

என் கருத்திலிருந்து பாதி இறங்கி வருகிறேன். எழுச்சி இருந்தது, அதைத் தாங்க ஆள் இல்லை. ஆனால் மீதிப் பாதியை விடமாட்டேன். ஓர் உரிமையாளர் ஓர் அணியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக முடிந்தது, அதைப் பற்றி யாரும் ரசிகர்களிடம் கேட்கவில்லை. உறுப்பினர் சந்தா, ஆண்டுக் கூட்டம், ஊர்க்காரர்களுக்கு ஓட்டு என்று எதுவும் இருந்திருந்தால் 2021இல் குறைந்தபட்சம் ஒரு கூட்டமாவது கூடியிருக்கும். கொல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் எத்தனை நெருக்கடியில் விழுந்தாலும் உறுப்பினர்கள் தெருவில் இறங்குகிறார்கள், முதலாளிகள் மாறினாலும் கிளப் நிற்கிறது. கோவையில் கோப்பை வந்த நாளில் கேலரியில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல்கூட யாரிடமும் இல்லை. நொய்யல்வாசிக்குத் தன் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் தெரியாததும் அதனால்தான்.


தூத்தூர் கரை எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர் கிளப்புகளில் பணம் குறைவு, சண்டை அதிகம். ஆனால் கணக்குப் புத்தகம் உண்டு. யார் எத்தனை ரூபாய் கொடுத்தார், எந்தப் படகுக்காரர் பந்து வாங்கித் தந்தார், எல்லாம் எழுதியிருக்கும். ஒருவர் விலகினால் புத்தகம் அடுத்தவர் கைக்கு மாறும், கிளப் நடக்கும். என் தாத்தா காலத்துக் கையெழுத்தை நான் அதில் பார்த்திருக்கிறேன்.


ஞாயிறு காலைப் பயிற்சி எழுதியது:

சென்ற வாரம் எங்கள் பயிற்சிக்கு ஒரு பையன் சென்னை சிட்டி சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அண்ணனுடையது, முழங்கால்வரை தொங்கியது, முதுகில் எண் உரிந்து பாதிதான் தெரிந்தது. இது எந்த அணி தெரியுமா என்று கேட்டேன். "தெரியாது சார், நல்ல துணி, வேர்வையை உறிஞ்சுகிறது" என்றான். பயிற்சி முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்து மார்ச் 9 ஆட்டத்தைச் சொன்னேன். கௌரவ் போரா ஸ்டாப்பர், அதாவது பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர் என்று சொன்னதும் எங்கள் ஸ்டாப்பர் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்று பிற்பகல் ஆட்டத்தில் மூன்று முறை முன்னால் ஏறிப்போனான். அவன் விட்டுப்போன இடத்தில் ஒரு கோலும் வாங்கினோம். நான் திட்டவில்லை.


நொய்யல்வாசி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த இழையை முதலிலிருந்து மகனுக்குப் படித்துக் காட்டினேன். தூத்தூர் கரை எழுதிய சூசைராஜின் உடல் தளர்த்தும் வித்தையை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னான். காலையில் மொட்டை மாடியில் அதைச் செய்து பார்த்துக் கைப்பிடிச் சுவரில் இடித்துக்கொண்டான்.

ஐந்தாம் எண் சொன்ன பட்டியலை இங்கேயே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் கீழே எழுதுங்கள்: எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், யாரோடு வந்தீர்கள், எது நினைவிருக்கிறது. மற்ற ஆட்டங்களில் இருந்தவர்களும் எழுதலாம். சென்னையில் ஆடிய முதல் பருவத்தைப் பழைய ஸ்டாப்பர் ஐயா தொடங்கி வைக்கட்டும். லூதியானா இறுதியாட்டத்தை வைகைக் கரைக்காரி எழுதட்டும், அந்த ஆறு பேரையும் அழைத்து வரட்டும்.

முதல் வரி என்னுடையது. மேற்குப் பக்கம், நடுக்கோட்டுக்கு நேராக, மேலிருந்து நான்காவது படி. தனியாக வந்தேன். எனக்கு இடப்பக்கம் கட்டம்போட்ட சட்டை அணிந்த ஒருவர் காதில் கருவியோடு கோழிக்கோட்டு நிலவரத்தை விரலால் காட்டிக்கொண்டிருந்தார். அவர் இதைப் படித்தால் இரண்டாவது வரியை எழுதவேண்டும்.